எட்டாவது தந்திக்கு எவ்வளவு நீளம் வேண்டும்?

என் கிட்டாரைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "ஃப்ரெட் எல்லாம் ஏன் கோணலா இருக்கு?" அடுத்து, "இது ஸ்டைலுக்கா?" எட்டுத் தந்தி. நட் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, பிரிட்ஜ் அதற்கு எதிர்ப்பக்கம் சரிந்திருக்கிறது, நடுவே ஃப்ரெட்டுகள் விசிறியாக விரிந்து நிற்கின்றன. பார்த்தால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். நின்றபடி இரண்டு வரியில் பதில் சொன்னால் கேட்டவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதனால் இங்கே சாவகாசமாக எழுதுகிறேன்.

ஒரு தந்தி எந்தச் சுருதியில் ஒலிக்கும் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: தந்தியின் நீளம், அதை எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறோம் என்பது, தந்தியின் எடை. பாரிஸில் வாழ்ந்த துறவி மரென் மெர்சென் 1636-இல் வெளியிட்ட பெருநூலில் இந்தக் கணக்கைத் தெளிவாக எழுதிவைத்துவிட்டார். நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அதே ஒரு ஸ்தாயியை முறுக்கி ஏற்ற வேண்டுமானால் நான்கு மடங்கு இழுவிசை வேண்டும். எடையைக் குறைத்து ஏற்றுவதென்றால் நான்கில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அதாவது மூன்றிலும் நீளத்துக்குத்தான் வலு அதிகம். சாதாரணக் கிட்டாரில் நாம் கைவைக்காமல் விடுவதும் அந்த நீளத்தைத்தான்.

ஃபெண்டர் பாணிக் கிட்டாரில் ஆறு தந்திக்கும் ஒரே நீளம், 25.5 அங்குலம், கிட்டத்தட்ட 648 மில்லிமீட்டர். கீழே இ 82 ஹெர்ட்ஸ், மேலே இ 330 ஹெர்ட்ஸ். இடையில் இரண்டே ஸ்தாயி. அந்த வித்தியாசத்தைத் தடிமனை மாற்றியே சமாளித்துவிடலாம். மேலே 10 போடுகிறோம் (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு தடிமன்), கீழே 46 போடுகிறோம், வேலை முடிந்தது. பியானோவும் ஹார்ப்பும் இந்தச் சமரசத்துக்கு வரவில்லை. நம் யாழிலும் ஒவ்வொரு நரம்புக்கும் தனித்தனி நீளம். ஸ்தாயிகள் கூடக் கூட ஒரே நீளத்தில் எல்லாவற்றையும் அடக்க முடியாது என்பதை அந்தக் கருவிகளின் உருவமே காட்டுகிறது.

கிட்டாருக்கு அந்த நெருக்கடி தாமதமாகத்தான் வந்தது. ஜாஸ் வாசித்த ஜார்ஜ் வான் எப்ஸ் 1930-களின் இறுதியிலேயே தாழ்ந்த ஏ சேர்த்து ஏழு தந்தியில் வாசித்தார். 1990-இல் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் யுனிவர்ஸ் வந்தது. 1994-இல் கார்ன் குழு தங்கள் முதல் ஆல்பத்தில் ஏழு தந்தியை வழக்கமான பி-யிலிருந்து ஒரு ஸ்வரம் தாழ்த்தி ஏ-வில் நிறுத்தியது. இதுவரை 25.5 அங்குலம் எப்படியோ தாங்கியது. எட்டாவது தந்தி வந்தபோதுதான் இடித்தது.

எட்டாவது தந்தி வழக்கமாக எஃப் ஷார்ப், 46 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு அரைஸ்வரம்தான் வித்தியாசம். பேஸ் கிட்டாரின் நீளம் 34 அங்குலம். நாமோ கிட்டத்தட்ட அதே சுருதியை 25.5 அங்குலத்தில் ஒலிக்கச் சொல்கிறோம்.

கணக்குப் போட்டால் பிரச்சினை கண்ணெதிரே தெரியும். எட்டுத் தந்தி செட்டுகளில் கடைசியாக வருவது பெரும்பாலும் 74. அதை 25.5 அங்குலத்தில் எஃப் ஷார்ப்புக்குக் கட்டினால் இழுவிசை சுமார் 14 பவுண்டு. நாம் பழகிய ஆறாவது தந்தி, 46 தடிமனில், 17.5 பவுண்டு. அந்த மூன்றரைப் பவுண்டு குறைவைக் கை உடனே உணரும். தந்தி தொளதொளவென்று ஆடும். பிக் ஓங்கி விழுந்ததும் சுருதி மேலே குதித்து, பிறகு மெல்ல இறங்கி வந்து உட்காரும். வேகமான ரிஃப்பில் அது உட்காருவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். அப்போது நம் காதில் விழுவது முழுக்க அந்தக் குதிப்புதான்.

இனி அதே 74-ஐ 28 அங்குலத்தில் கட்டுங்கள். இழுவிசை 17 பவுண்டைத் தொடுகிறது. தந்தி அதேதான், சுருதியும் அதேதான், இரண்டரை அங்குலம் கூடியதில் இருபது சதவிகித இறுக்கம் கூடிவிட்டது. ஆறாவது தந்தியில் பழகிய கை இதில் தடுமாறாது.

"நீளத்தை ஏன் கூட்டணும், தடிமனைக் கூட்டினால் போதாதா?" என்று கேட்கலாம். 25.5 அங்குலத்தில் அதே இறுக்கம் வேண்டுமென்றால் 80-ஐத் தாண்டிய தந்தி போட வேண்டும். போடலாம், நிறையப் பேர் போடுகிறார்கள். ஆனால் அங்கே வேறு ஒன்று கெடுகிறது. என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் மையமே அதுதான்.

தந்தியை மீட்டினால் எழுவது ஒரே ஒரு அதிர்வு இல்லை. 46 ஹெர்ட்ஸ் அடிச்சுருதியோடு 92, 139, 185 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து எழுகின்றன. அவை சரியான மடங்குகளாக இருக்கும்வரை நம் காது எல்லாவற்றையும் கூட்டி ஒரே ஸ்வரமாகக் கேட்கும். தந்தி தடிக்கத் தடிக்க, அதிலும் உள்ளே இருக்கும் எஃகு மையம் தடிக்கத் தடிக்க, அது வளைய மறுக்கிறது. அந்த விறைப்பு மேல் அதிர்வுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திவிடும். மடங்குகள் மடங்குகளாக இருப்பதில்லை. நீளம் குறைந்தால் கோளாறு இன்னும் கூடும். பெரிய கிராண்ட் பியானோவின் மந்தர ஸ்தாயி ஏன் அத்தனை தெளிவாகவும், சின்ன அப்ரைட் பியானோவின் மந்தர ஸ்தாயி ஏன் மந்தமாகவும் ஒலிக்கின்றன என்பதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கிட்டாரில் இது இரட்டிப்பாக வலிக்கும். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்கள் 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாகத் தளர்ந்துவிடுகின்றன. மடிக்கணினியிலும் ஃபோனிலும் கேட்டால் சொல்லவே வேண்டாம். ஆகவே எட்டாவது தந்தியின் 46 ஹெர்ட்ஸ் பெரும்பாலும் நம் காதை எட்டுவதே இல்லை. 92, 139, 185 என்று மேலே வருகிறவற்றைக் கேட்டு, அடியில் 46 இருக்க வேண்டும் என்று காது ஊகித்துக்கொள்கிறது. அந்த ஊகத்துக்கு ஆதாரமான மேல் அதிர்வுகளே பிசகியிருந்தால் காது எதைப் பிடித்துக்கொள்ளும்? அதன்மேல் டிஸ்டார்ஷனையும் ஏற்றினால், ஒன்றோடொன்று பொருந்தாத அதிர்வுகள் மோதிப் புதிய அதிர்வுகளைப் பெற்றுப்போடும். பவர் கார்டு வெறும் உறுமலாகிவிடும். தாழ்ந்த சுருதியில் வாசிக்கும் பல பதிவுகளில் ஸ்வரம் எது என்றே தெரியாமல் போவதற்கு எல்லோரும் ஆம்ப்பைத் திட்டுகிறார்கள், மிக்ஸிங்கைத் திட்டுகிறார்கள். பல சமயம் கோளாறு தந்தியின் நீளத்திலேயே இருக்கிறது.

சரி, எல்லாத் தந்திக்கும் 28 அங்குலம் கொடுத்துவிடலாமே? அப்படிச் செய்த பெரியவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனின் மெஷுகா குழு 2002-இல் 'நத்திங்' ஆல்பத்துக்காக எட்டுத் தந்திக் கிட்டார்களைச் செய்யச் சொன்னது. அவை ஒத்துழைக்காததால் ஏழு தந்தியைத் தாழ்த்திப் பதிவு செய்தார்கள். பிறகு 2006-இல் எட்டுத் தந்தியிலேயே மறுபடி வாசித்து வெளியிட்டார்கள். 2007-இல் ஐபனெஸ் 27 அங்குல எட்டுத் தந்தியைப் பெருமளவில் தயாரித்து விற்க ஆரம்பித்தது. மெஷுகாவின் பெயரில் பின்னர் வந்த மாடலில் 29.4 அங்குலம், எல்லாத் தந்திக்கும் ஒரே நீளம். அவர்களுடைய இசைக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பாட்டின் பெரும்பகுதி கீழ்த் தந்திகளில் நடக்கிறது, இரண்டு கிட்டாரும் சேர்ந்து ஒரே தாளக் கட்டடத்தை எழுப்புகின்றன. அங்கே எட்டாவது தந்தி சொல்வதே சட்டம்.

ஆனால் மேல் தந்திகளிலும் பாட வேண்டும், பெண்ட் செய்ய வேண்டும், சுத்தமான டோனில் கார்டு விரிக்க வேண்டும் என்றால் அந்த நீளம் எதிரியாகிவிடும். 10 தடிமன் முதல் தந்தி 25.5 அங்குலத்தில் 16 பவுண்டு. 28-இல் 19.5. ஒரு முழு ஸ்வரம் பெண்ட் செய்து பாருங்கள், விரல் நுனி சொல்லும். 9 போட்டுத் தப்பிக்கலாம். அப்போது ஒலி மெலிகிறது, ஒரு கூர்மையும் ஏறிக்கொள்கிறது.

மேல் பக்கத்தில் இன்னொரு சங்கதி உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு எஃகுத் தந்தி எந்தச் சுருதியில் அறுபடும் என்பது அதன் தடிமனைப் பொறுத்தது இல்லை. மெல்லிய தந்திக்குக் குறைந்த இழுவிசை போதும், அது தாங்கும் பலமும் அதே அளவு குறைவு. இரண்டும் சேர்ந்தே இறங்குவதால் எல்லை நகர்வதில்லை. மீதி இருப்பது நீளம் மட்டும்தான். 648 மில்லிமீட்டரில் எஃகுத் தந்தியை 440 ஹெர்ட்ஸ் ஏ வரை ஏற்றினால் அறுபடும் எல்லைக்கு வெகு அருகில் போய்விடுகிறோம். லென்னி ப்ரோ போல ஏழாவது தந்தியைக் கீழே சேர்க்காமல் மேலே, அந்த ஏ-வுக்காகச் சேர்த்தவர்கள் எல்லோரும் இந்தச் சுவரில் முட்டியிருப்பார்கள்.

ஆக, கீழே தடிமனைக் கூட்டினால் ஒலி கெடுகிறது. மேலே தடிமனைக் குறைத்தும் பயனில்லை. கீழ்த் தந்தி நீளத்தைக் கேட்கிறது, மேல் தந்தி குறுக்கத்தைக் கேட்கிறது. இரண்டையும் ஒரே கழுத்தில் கொடுக்க நட்டையும் பிரிட்ஜையும் சாய்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சாய்த்தால் ஃப்ரெட் எப்படி அமையும்? வழக்கமான கணக்குதான். தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் எங்கே என்று கிடைக்கும், மீதியை மறுபடி வகுத்தால் இரண்டாவது. முதல் தந்திக்கு அதன் நீளத்தில் குறித்துக்கொள்கிறோம், எட்டாவதுக்கு அதன் நீளத்தில். இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் ஒரு கோடு. இடையில் இருக்கும் ஆறு தந்திகளின் புள்ளிகளும் அந்தக் கோட்டிலேயே விழும் என்பதில் எனக்கு இன்றும் தீராத மகிழ்ச்சி. நட்டும் பிரிட்ஜும் நேர்கோடாக இருக்கும்வரை ஃப்ரெட்டும் நேர்கோடுதான். வளைக்க வேண்டியதே இல்லை. ஒரு மரவேலைக்காரர் அளவுகோலும் ரம்பமும் கொண்டு செய்துவிடக்கூடியது.

செய்தும் இருக்கிறார்கள், நானூறு ஆண்டுகளுக்கு முன்பே. இங்கிலாந்தில் லூட் செழித்திருந்த காலத்தில் ஓர்ஃபாரியன் என்று ஒரு கருவி இருந்தது. லூட் மாதிரியே சுருதி, ஆனால் குடல் நரம்புக்குப் பதில் உலோகக் கம்பி. அன்றைய கம்பி இன்றைய எஃகு அளவுக்குப் பலமானது கிடையாது. மேல் தந்தியை நீட்டினால் அறுந்தது, கீழ்த் தந்தியைக் குறுக்கினால் சோர்ந்தது. பிரிட்ஜையும் நட்டையும் சாய்த்து, ஃப்ரெட்டுகளை விசிறியாக அடித்தார்கள். பிரான்சிஸ் பாமர் 1617-இல் லண்டனில் செய்த ஓர்ஃபாரியன் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்துவிட்டு என் கிட்டாரைப் பார்த்தால், உறவு உடனே தெரியும். கம்பிக்கும் நீளத்துக்கும் நடந்த அதே பேரம்தான்.

இந்த யோசனையை மின்கிட்டாருக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் கலிஃபோர்னியாவின் ரால்ஃப் நோவாக். 1989-இல் காப்புரிமை பெற்றார். 'ஃபேண்ட் ஃப்ரெட்' அவருடைய வணிகப் பெயராக இருந்ததால் மற்ற நிறுவனங்கள் மல்டிஸ்கேல் என்று விற்றன. நோவாக் செய்த எட்டுத் தந்தியைக் கையில் எடுத்தவர் சார்லி ஹன்டர். மூன்று பேஸ் தந்தி, ஐந்து கிட்டார் தந்தி. கட்டைவிரல் பேஸ் வாசிக்க, மற்ற விரல்கள் கார்டும் மெலடியும் வாசிக்கும். பேஸ் தந்திகளின் ஒலி ஒரு ஆம்ப்புக்கும் கிட்டார் தந்திகளின் ஒலி இன்னொரு ஆம்ப்புக்கும் போகும். 1995-இல் ப்ளூ நோட் வெளியிட்ட 'பிங், பிங், பிங்!' ஆல்பத்தைக் கேளுங்கள். தெரியாதவர் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதாகவே நினைப்பார். இந்தக் கருவிக்கு மெட்டல் மட்டும்தான் வீடு என்று நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது அதுதான். கனடாவின் சஸ்கட்டூனில் ஷெல்டன் டிங்வால் இதே முறையில் பேஸ் கிட்டார் செய்கிறார். அவருடைய ஐந்து தந்தி பேஸில் கீழே 37 அங்குலம், மேலே 34.

மெட்டல் பக்கம் இது பரவியதில் ஸ்வீடனின் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க்குக்குப் பெரிய பங்கு உண்டு. பொறியாளரான அவர் தலையில்லாத, எடை குறைந்த கிட்டாருக்கு விசிறி ஃப்ரெட்டை அடிப்படையாகவே வைத்தார். அவருடைய எட்டுத் தந்தி போடன் மாடலில் 26.5 முதல் 28 அங்குலம். அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ் குழுவின் டோசின் அபாசி அந்தக் கிட்டார்களோடு மேடையேறிய பிறகு உலகம் முழுவதும் இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். பேஸ் வாசிக்க ஆள் இல்லை. அபாசி பேஸ்காரர்களின் ஸ்லாப் முறையிலிருந்து எடுத்துக்கொண்ட கட்டைவிரல் அடியில் எட்டாவது தந்தி டங்கென்று தெறிக்கிறது, அடுத்த நொடி மேல் தந்திகளில் மெல்லிய கார்டு மலர்கிறது. ஒரே கழுத்தில் இரண்டு குணமும் வேண்டும் என்ற அவசியம் அவருடைய இசையிலிருந்தே வருகிறது.

இனிக் கைக்கு வருவோம். "வாசிக்கக் கஷ்டமாக இருக்காதா?" விசிறியில் ஒரே ஒரு ஃப்ரெட் மட்டும் கழுத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அது எங்கே என்பதில்தான் சுகம் இருக்கிறது. 26.5-க்கும் 28-க்கும் வித்தியாசம் 38 மில்லிமீட்டர். செங்குத்து ஃப்ரெட் 12-இல் இருந்தால் நட்டும் பிரிட்ஜும் ஆளுக்குப் பாதி, 19 மில்லிமீட்டர் சரியும். 7-க்குக் கொண்டுவந்தால் நட் 13 மில்லிமீட்டர்தான் சரியும், பிரிட்ஜ் 25 சரியும். முதல் சில ஃப்ரெட்டுகளில் அதிகம் வாசிக்கிறவருக்கு 7 நல்லது. மேலே சோலோவிலேயே குடியிருப்பவருக்கு 12-க்கு நெருங்கியது பிடிக்கலாம். நான் 7-ஐ ஒட்டியதையே விரும்புகிறேன். கீழ்த் தந்திகளில் முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில்தான் என் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிகிறது.

ஒற்றை ஸ்வரங்களும் ரிஃப்களும் மிக விரைவில் பழகிவிடுகின்றன. கண்ணை மூடினால் கோணம் மறந்தேபோகும். முதல் ஃப்ரெட்டின் அகலம் 25.5 அங்குலத்தில் 36 மில்லிமீட்டர், 28-இல் 40. விரல் அதைச் சமாளிக்கும். இடைஞ்சல் வேறு இடத்தில் வரும். நட்டுக்கு அருகில் அகல விரிக்கும் கார்டுகள், கழுத்தின் கடைசியில் எல்லாத் தந்தியையும் தொடும் கார்டுகள், இந்த இரண்டு ஓரங்களிலும் மணிக்கட்டு புதிதாக ஒரு கோணத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். நேரான கேப்போ பொருந்தாது. ட்ரெமலோ பிரிட்ஜ் வேண்டுமென்றால் தேர்வு சுருங்கிவிடும். பிக்கப்பும் சாய வேண்டும். பிரிட்ஜ் சாய்ந்திருக்க பிக்கப் நேராக நின்றால் ஒவ்வொரு தந்தியையும் அது வெவ்வேறு இடத்தில் கேட்கும், தந்திக்குத் தந்தி டோன் மாறும். பட்ஜெட் மாடல்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஆறு தந்தியில் இது தேவையா என்றும் கேட்கிறார்கள். வழக்கமான இ சுருதிக்கு அவசியம் இல்லை என்பது என் கருத்து. இரண்டு ஸ்தாயியை ஒரே நீளம் நன்றாகவே தாங்குகிறது, அந்த நீளத்தின் குரலில்தான் நாம் நேசிக்கும் அத்தனை பாடல்களும் பிறந்தன. ஏழு தந்தியில் பி சுருதிக்கு 25.5 முதல் 27 வரையிலான விசிறி நல்ல பயன் தரும், இந்த அளவு இப்போது பல நிறுவனங்களில் நடுத்தர விலையில் கிடைக்கிறது. எட்டுக்குப் போனால், அதிலும் மேல் தந்திகளையும் சமமாக நேசிக்கிறவர் என்றால், நேர் ஃப்ரெட் கிட்டாரை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு டியூனரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் எட்டாவது தந்தி என்ன தடிமன் என்று கேளுங்கள். நல்ல கிட்டாரில் மெல்லிய தந்தி மாட்டித் தொங்கவிட்டிருப்பதும் உண்டு. அதைத் திறந்த நிலையில் மெதுவாக மீட்டுங்கள், பிறகு மேடையில் அடிப்பது போல ஓங்கி அடியுங்கள். முள் எவ்வளவு மேலே ஏறி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கவனியுங்கள். அடுத்து டிஸ்டார்ஷனைப் போட்டு ஏழாவதையும் எட்டாவதையும் சேர்த்து ஒரு பவர் கார்டு பிடியுங்கள். எந்த ஸ்வரம் என்று வாயால் பாடிக்காட்ட முடிகிறதா? முடிந்தால் ஆம்ப்பை அணைத்துவிட்டு, முதல் தந்தியில் 12-ஆம் ஃப்ரெட்டில் ஒரு முழு ஸ்வரம் பெண்ட் செய்யுங்கள். அதுவும் விரலுக்கு இதமாக இருந்தால், விலையைக் கேளுங்கள்.